லீவு என்றால் ஊருக்கு வருவது மட்டும்தானா?

எங்கள் திருப்பூரில் லீவு என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். ஊருக்குப் போவது. தீபாவளி போனஸ் பட்டுவாடா முடிந்ததும் பனியன் கம்பெனிகளில் ஷட்டர் இறங்கும். அன்று சாயங்காலம் புது பஸ் ஸ்டாண்டிலும் கோயில்வழியிலும் கால் வைக்க இடம் இருக்காது. மதுரைக்காரர், தேனிக்காரர், திண்டுக்கல்காரர், நெல்லைக்காரர் எல்லோரும் கையில் ஜவுளிப் பையும் இடுப்பில் குழந்தையுமாகக் கிளம்பிவிடுவார்கள். மறுநாள் குமரன் ரோட்டின் நடுவில் நாய் நிம்மதியாகப் படுத்துத் தூங்கும். பொங்கலுக்கும் இதே கதை. வடக்கத்தித் தொழிலாளர்களுக்கு சத் பூஜையும் ஹோலியும்.

நான் ரயில்வேயில் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்து காலம் தள்ளியவன். திருப்பூர் ஸ்டேஷனில் இருந்த வருடங்களில் பண்டிகை நெருக்கத்தில் ஒரு வேடிக்கையைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வரிசையில் இரண்டு மணி நேரம் நின்று கவுண்டருக்கு வந்தவர் பணத்தை உள்ளே தள்ளிவிட்டு, "ஊருக்கு ரெண்டு டிக்கெட் குடுங்க சார்" என்பார். எந்த ஊர் என்று நான் கேட்ட பிறகுதான் அவருக்கே நினைவு வரும். லீவு விட்டால் போகிற இடம் ஒன்றே ஒன்றுதானே, அதற்குப் பெயர் எதற்கு?

ரயில்வேயின் கணக்கும் ஏறக்குறைய இதுதான். மாணவர்களுக்கு ஸ்லீப்பர் வகுப்பில் பாதிக் கட்டணச் சலுகை உண்டு. லீவுக்குச் சொந்த ஊர் போனால் கிடைக்கும், காலேஜ் மூலம் கல்விச் சுற்றுலா போனால் கிடைக்கும். சும்மா நாட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினால் கிடைக்காது. (சலுகை என்றதும் நம் வயதுக்காரர்களுக்கு 2020 மார்ச்சில் நிறுத்திய மூத்த குடிமக்கள் சலுகை ஞாபகத்துக்கு வந்து வயிறு எரியும். அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை வேறு பாதையில் போய்விடும்.)

இப்படிப்பட்ட ஊரில் காலேஜில் படிக்கிற ஒரு பெண், டிசம்பர் லீவுக்கு வீட்டுக்கு வராமல் வேறு எங்கோ போகப்போகிறேன் என்று சொன்னால் என்ன ஆகும்? என்ன ஆகிறது என்பதைத்தான் தீபாவளியிலிருந்து எங்கள் வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

என் மகள் வயிற்றுப் பேத்தி கோவையில் ஹாஸ்டலில் தங்கி ஜவுளித் தொழில்நுட்பம் படிக்கிறாள், மூன்றாம் வருடம். தீபாவளிக்கு வந்தவள் நோட்டுத் தாளில் எழுதிய ஒரு திட்டத்தை அப்பா முன்னால் வைத்தாள். உடன் படிக்கும் இரண்டு பெண்களோடு டிசம்பர் 20 ராத்திரி கேரளா எக்ஸ்பிரஸ். டெல்லியில் இரண்டு நாள். அங்கிருந்து லூதியானா, பிறகு அமிர்தசரஸ், கடைசியில் கால்கா வழியாக ஷிம்லா. ஜனவரி முதல் வாரத்தில் வீடு. பொங்கலுக்கு முழுதாக வீட்டில் இருப்பாள். தங்கும் இடம், சாப்பாடு, டிக்கெட் எல்லாம் சேர்த்துத் தலைக்கு இவ்வளவு என்று தனித்தனியாகக் கணக்கு. அதில் பாதியைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறாள்.

மாப்பிள்ளை தாளைப் படித்தார், மடித்தார், டிவி மேல் வைத்தார். "பார்க்கலாம்" என்றார். எங்கள் பக்கத்தில் பார்க்கலாம் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. சொந்தமாக நிட்டிங் ஜாப் ஒர்க் செய்கிறார். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதிலிருந்து மெஷின்கள் பாதி நாள் சும்மா நிற்கின்றன, மனசு சரியில்லை. ஆனால் பிரச்சினை பணமும் இல்லை. இதே வீட்டில் இரண்டு வருடம் முன்னால் பேரன் கோவா போனான். ஐந்து பையன்கள், ஒரு வாடகைக் கார். தாளில் திட்டமில்லை, தங்கும் இடம் எது என்று யாருக்கும் தெரியாது, போய்ச் சேர்ந்தேன் என்று போன்கூட மறுநாள்தான் வந்தது. மாப்பிள்ளை அவன் கையில் பத்தாயிரத்தைக் கொடுத்து, "பத்தரமா போயிட்டு வாடா" என்றார். அவ்வளவுதான் விசாரணை. பேத்திக்கு இதுவரை எத்தனை கேள்வி என்று எண்ணிப் பார்த்தேன், பதினைந்தைத் தாண்டிவிட்டது. அதில் ஒன்று: "அங்க போயி என்ன பண்ணப் போற?"

இந்தக் கேள்வியை முன்கூட்டியே எதிர்பார்த்துத்தான் அவள் லூதியானாவைச் சேர்த்திருக்கிறாள். நமக்குப் பருத்தி பனியன் எப்படியோ அப்படி லூதியானாவுக்குக் கம்பளி ஸ்வெட்டர். மார்கழியில் நம் பக்கத்து ஊர்களில் திபெத்தியர்கள் சாலையோரம் குவித்து விற்கிறார்களே, அதெல்லாம் பெரும்பாலும் லூதியானாச் சரக்குதான். பின்னலாடை படிக்கிற பெண் அந்த ஊரைப் பார்ப்பது படிப்புக்கு நல்லது என்று சொன்னால் அப்பா மறுக்கமாட்டார் என்று ஒரு கணக்கு. கெட்டிக்காரிதான். நம் தொழிலே அப்படி வந்ததுதான் என்று நானும் அவளுக்காகப் பேசினேன். 1925-இல் குலாம் காதர் சினிமாக் கருவி வாங்கக் கல்கத்தா போனபோது பின்னல் மெஷினைப் பார்த்தார், அதைத் திருப்பூருக்குக் கொண்டுவந்தார் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். போன காரியம் ஒன்று, வந்து சேர்ந்தது வேறு. நூறு வருடமாக ஊரே அதில் சாப்பிடுகிறது.

சொல்லி முடித்த பிறகு எனக்கே இந்த வாதம் பிடிக்கவில்லை. பேரன் கோவா போனதற்கு என்ன பிரயோஜனம் என்று யாராவது கேட்டார்களா? கடலைப் பார்த்தான், மீன் சாப்பிட்டான், முதுகு தோல் உரிய வெயிலில் கிடந்தான், வந்தான். அது போதும் என்று விட்டோம். பெண் பிள்ளை போவதற்கு மட்டும் ஏன் படிப்பு, தொழில், உபயோகம் என்று ஒரு முத்திரை குத்த வேண்டியிருக்கிறது? லூதியானாவே திட்டத்தில் இல்லாமல், பனி விழுவதைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை மட்டும் இருந்திருந்தாலும் அவளை அனுப்ப வேண்டும் என்பதே என் கட்சி.

என் கட்சிக்கு நான் தரும் காரணம் இந்த ஊரிலேயே இருக்கிறது. பெண்ணை வெளியூர் அனுப்பப் பயப்படுகிறவர்கள் நாம் என்று ஒரு பேச்சு உண்டு. அது உண்மையில்லை. வேலைக்கு அனுப்ப நாம் பயப்பட்டதே இல்லை.

நூல் மில்களில் சுமங்கலித் திட்டம் என்று ஒன்று இருந்ததே, மறந்துவிட்டோமா? கேம்ப் கூலி என்றும் சொல்வார்கள். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரம் முழுக்க நடந்தது. தென் மாவட்டக் கிராமங்களில் ஏஜென்டுகள் நோட்டீஸ் கொடுப்பார்கள். பெண்ணை மூன்று வருடம் மில் ஹாஸ்டலில் விட்டால் முடிவில் முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ மொத்தமாகக் கிடைக்கும், கல்யாணத்துக்கு ஆகும், நகை வாங்கலாம். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் வேனில் வந்து இறங்கினார்கள். இரவு ஷிப்டு, பகல் ஷிப்டு, மூக்கில் பஞ்சு. வெளியே போக வேண்டுமென்றால் கூட்டமாக, வார்டன் கூடவே. ஊருக்குப் போவது தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். மூன்று வருடம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போது உடம்பு முடியாமல் ஊர் திரும்பி, மொத்தப் பணமும் போன பிள்ளைகள் உண்டு. 2011-இல் நெதர்லாந்து நாட்டு அமைப்பு ஒன்று இதையெல்லாம் அறிக்கையாக வெளியிட்டபோது ஐரோப்பாவில் நம் துணியை வாங்குகிறவர்களே அதிர்ந்தார்கள். நாம் அவ்வளவாக அதிரவில்லை. அந்தப் பெற்றோரை நான் குறை சொல்லமாட்டேன், வறுமை அனுப்பியது. ஆனால் இந்த வட்டாரத்தில் சொந்த வீடும் வாகனமுமாக இருந்த நம்மில் எத்தனை பேர், "இந்த வயசுப் பொண்ணு அப்பா அம்மா இல்லாம மூணு வருஷம் எப்படி இருக்கும்?" என்று கேட்டோம்?

இப்போது பாருங்கள். தன்பாத் எக்ஸ்பிரஸில் ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பெண்கள் குழுக்குழுவாக வந்து இறங்குகிறார்கள். மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டத்தில் சில மாதம் தையல் கற்றுக்கொண்டு, இங்கே டெய்லர் வேலைக்கு. பதினெட்டு, பத்தொன்பது வயது. தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. நெற்றியில் சந்தனக் கோடும் கையில் பிளாஸ்டிக் வாளியுமாகப் பிளாட்பாரத்தில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், ஹாஸ்டல் பஸ் வரும் வரை. ஒருத்தி ரிசர்வேஷன் பாரத்தைப் பூர்த்தி செய்யத் தெரியாமல் என்னிடம் நீட்டியது நினைவிருக்கிறது. வயது என்ற இடத்தில் 18 என்று மட்டும் பெரிதாக எழுதியிருந்தாள், மற்றதெல்லாம் காலி. அவளைப் போன்றவர்களை நம்பித்தான் நம் ஊர் கம்பெனிகளில் பாதி லைன் ஓடுகிறது. இரண்டு நாள் ரயிலில் வந்து இங்கே வேலை செய்கிற அந்தப் பெண்ணின் துணிச்சலை மெச்சுகிற கம்பெனிக்காரர்களை எனக்குத் தெரியும். தன் பெண் அதே தண்டவாளத்தில் எதிர்த்திசையில் போகிறேன் என்றால் அவர்களுக்கே தூக்கம் போய்விடும்.

கோயிலுக்கும் நாம் பயப்படுவதில்லை. இதே டிசம்பர், ஜனவரியில் மேல்மருவத்தூருக்கு இருமுடி கட்டிப் போகிற பெண்களைப் பாருங்கள். சிவப்புச் சேலை கட்டி, தெருவுக்கு ஒரு பஸ். ராத்திரி முழுக்கப் பயணம், வழியில் எங்கோ சாப்பாடு, எங்கோ குளியல். கல்யாணம் ஆகாத பெண்களும் உண்டு. இந்தக் கூட்டத்துக்காக எக்ஸ்பிரஸ் ரயில்கள் ஒவ்வொரு வருடமும் மேல்மருவத்தூரில் தற்காலிகமாக நின்று போகின்றன. யாரும் பதினைந்து கேள்வி கேட்பதில்லை. கேட்கவும் கூடாது, நல்ல காரியம். வேலைக்குப் போகலாம், கோயிலுக்குப் போகலாம், கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் எத்தனை மைல் வேண்டுமானாலும் போகலாம். சும்மா பார்ப்பதற்காக ஒரு பெண் போகிறாள் என்றால்தான் நமக்கு எங்கோ இடிக்கிறது.

"மாமா, டெல்லிங்க. பேப்பர்ல பார்க்கறீங்கல்ல?" என்றார் மாப்பிள்ளை. இதை நான் லேசாகத் தள்ளமாட்டேன். 2012 டிசம்பர் 16 யாருக்கு மறக்கும்? அந்தப் பெண்ணும் ஒரு மாணவிதான். படம் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்ப பஸ் ஏறியவள். பெற்றவர்களுக்கு அந்தப் பயம் இருக்கத்தான் செய்யும். இல்லையென்றால்தான் தப்பு.

ஆனால் பயத்துக்கு ஓர் ஊர்ப் பெயரை ஒட்டிவிட்டால் நம் வீட்டைச் சுற்றி எல்லாம் சரியாக இருப்பதாக ஒரு நினைப்பு வந்துவிடுகிறது. 2019-இல் பொள்ளாச்சி விவகாரம் வெளியே வந்தது. இங்கிருந்து ஒன்றரை மணி நேரப் பயணம். ஒன்பது பேருக்கு 2025 மே மாதம்தான் சாகும் வரை ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். 2025 நவம்பரில் கோவை விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரி மாணவிக்கு நடந்ததை எல்லோரும் படித்தோம். அவள் டெல்லி போகவில்லை. பயப்பட வேண்டும் என்றால் எங்கள் பேத்தி இப்போது இருக்கிற கோவைக்கும் பயப்பட வேண்டும், அப்புறம் அவளைப் படிக்கவே அனுப்பியிருக்கக் கூடாது.

இன்னொன்றும் சொல்கிறேன். 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் கிளம்பினவே. பீகார் அரசு அதிகாரிகளை அனுப்பி விசாரித்தது, அப்படி எதுவும் இல்லை என்று தெரிந்தது. அதற்குள் நம் ஸ்டேஷனில் கூட்டம் அலைமோதியது. ஹோலிக்குப் போகிறவர்கள் பாதி, அம்மா போன் செய்து அழுததால் போகிறவர்கள் பாதி. பீகாரில் ஏதோ ஒரு கிராமத்துத் தாய்க்குத் திருப்பூர் என்றால் மகனைக் கொல்கிற ஊர். நமக்குச் சிரிப்பாகவும் வருத்தமாகவும் இருந்தது. நம்ம ஊரா அப்படி? டெல்லியிலும் அமிர்தசரஸிலும் நம்மைப் போலவே காலையில் பால் வாங்கிப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்புகிறவர்கள்தான் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள் என்பதை, ஒருமுறை பார்த்துவிட்டு வந்தால் ஒழிய எப்படித் தெரிந்துகொள்வது?

பொற்கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். ரயில்வே பாஸில் நானும் என் மனைவியும் போயிருக்கிறோம். தலையில் துணி போட்டுக்கொண்டு உள்ளே போனால் யார், எந்த ஜாதி, எந்த மதம் என்று ஒரு கேள்வி கிடையாது. லங்கரில் இரவு பகலாகச் சாப்பாடு. தரையில் வரிசையாக உட்கார வேண்டியது, ரொட்டியை இரண்டு கையும் ஏந்தி வாங்க வேண்டியது. யாத்ரீகர்கள் தங்கச் சத்திரங்களும் உண்டு. பக்கத்திலேயே ஜாலியன்வாலா பாக். 1919 ஏப்ரல் 13 என்று பரீட்சைக்கு மனப்பாடம் செய்த தேதி, அந்தச் சுவரில் குண்டு துளைத்த இடங்களைப் பார்த்தபோதுதான் எனக்கு வயிற்றில் இறங்கியது. என் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை, வெளியே வந்து தண்ணீர் கேட்டாள். கொடி காத்த குமரன் விழுந்த ஊர்ப் பெண் அந்தச் சுவரைப் பார்க்க வேண்டாமா?

மாப்பிள்ளை வாய்விட்டுச் சொல்லாத காரணம் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த வருடம் படிப்பு முடிகிறது. ஜாதகம் எடுக்கப்போகிறார்கள். "பொண்ணு தனியா ஊர் சுத்துமாம்" என்று யாராவது ஒரு சொந்தக்காரர் சீர் வீட்டில் உட்கார்ந்து சொன்னால்? சொல்வார்கள்தான். இதற்கு மேல் இதற்கு நான் மதிப்புத் தருவதாக இல்லை. தோழிகளோடு அமிர்தசரஸ் போய் வந்தாள் என்பதற்காக வேண்டாம் என்கிற வீடு, நமக்கும் வேண்டாம்.

அனுப்பாவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்தார்களா? கவுண்டரில் உட்கார்ந்தவனுக்குப் பல விஷயம் தெரியும். காலேஜ் பிள்ளைகள் மத்தியில் ஐ.வி. என்று ஒன்று உண்டு. தொழிற்சாலை பார்க்கக் காலேஜ் கூட்டிப்போகிற பயணம். உண்மையான ஐ.வி. வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ. வீட்டில் சொல்லப்படும் ஐ.வி. அதைவிட அதிகம். கொடைக்கானலுக்கும் பாண்டிச்சேரிக்கும் "ஐ.வி." போன பிள்ளைகள் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்றே பெற்றவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்கு ஏதாவது ஆனால் முதலில் யாரைக் கூப்பிடுவார்கள்? பொய் சொல்லிவிட்டுப் போன பிள்ளை, கால் உடைந்தாலும் வீட்டுக்குப் போன் செய்யத் தயங்கும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. எங்கள் பேத்திக்கும் அந்த வழி தெரியாதது இல்லை. கோவையில்தானே இருக்கிறாள், ரயிலும் அங்கேயே நிற்கும். அவள் அதைச் செய்யாமல் ரயில் நம்பர் முதற்கொண்டு எழுதி அப்பா முன்னால் வைத்திருக்கிறாள். கேட்டவளுக்கு இல்லை என்றும், கேட்காமல் போகிறவர்களுக்குத் தெரியாமலேயே உத்தரவும் என்றால், அடுத்த முறை இவள் எதற்குக் கேட்க வேண்டும்?

அதற்காக அவள் எழுதியதெல்லாம் சரி என்று நான் தலையாட்டவில்லை. டிசம்பர் 31 ராத்திரி டெல்லியில் கொண்டாட்டம் பார்ப்பதாகத் திட்டத்தில் இருந்தது. அதை அடித்துவிட்டேன். அந்த இரவு பெங்களூரிலும் சென்னையிலும் கூட நான் அனுப்பமாட்டேன், பேரனாக இருந்தாலும். டிசம்பர் கடைசியிலிருந்து வடக்கே மூடுபனி. ரயில் ஐந்து மணி நேரம், பத்து மணி நேரம் தாமதம் சர்வ சாதாரணம், சில ரயில்களைப் பனிக்காலம் முழுக்கவே ரத்து செய்துவிடுவார்கள். அவளோ ஒரு ரயிலில் இறங்கி இரண்டு மணி நேரத்தில் அடுத்த ரயில் ஏறுவதாக எழுதியிருந்தாள். நம்ம ஊர் வானத்தை வைத்துப் போட்ட கணக்கு. நடுவில் ஒவ்வொரு நாள் காலியாக விடச் சொன்னேன். ராத்திரி நேரத்தில் புது ஊரில் இறங்குகிற மாதிரி எந்த ரயிலும் வேண்டாம் என்றேன். டிசம்பர் கடைசியில் ஷிம்லாவில் பனி விழும் என்று உத்தரவாதமும் கிடையாது. பனிக்காக என்றால் ஷிம்லாவை வெட்டிவிடலாம். ஆனால் கால்கா - ஷிம்லா சின்ன ரயில் 1903-இல் போட்டது, 96 கிலோமீட்டரில் நூற்றுக்கும் மேல் சுரங்கம். அதை வெட்டச் சொல்ல ஒரு ரயில்வேக்காரனுக்கு வாய் வரவில்லை. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இதே மாதிரி பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கும் உதவும் என்பதால் மற்றதையும் எழுதிவிடுகிறேன். மூன்று பேர் டிக்கெட்டும் ஒரே பி.என்.ஆரில் இருக்கட்டும். பெண்கள் மட்டும் போகும்போது ஏறும் ஸ்டேஷனிலேயே ரயில்வே பாதுகாப்புப் படைப் பெண் காவலர்கள் வந்து இருக்கையைக் குறித்துக்கொண்டு வழியெல்லாம் விசாரிக்கும் ஏற்பாடு 2020-இலிருந்து இருக்கிறது, மேரி சஹேலி என்று பெயர். எல்லா ரயிலிலும் எல்லா ஸ்டேஷனிலும் வந்துவிடுவார்கள் என்று நம்பி உட்காரக் கூடாது. ரயிலில் எதுவென்றாலும் 139. வண்டியில் யாராவது அன்பாகக் கொடுக்கும் டீ, பிஸ்கட் எதுவும் வாங்கக் கூடாது, இது ஆண் பிள்ளைகளுக்கும்தான். காலையில் ஒரு போன், ராத்திரி ஒரு போன். நடுவில் இருபது தடவை கூப்பிட்டு உயிரை வாங்கக் கூடாது என்பது பெற்றவர்களுக்கு.

குளிருக்கு என்ன செய்வது என்று ஒரு கவலை. அமிர்தசரஸில் அந்த நேரம் ராத்திரி நான்கைந்து டிகிரிக்கு இறங்கும். திருப்பூரில் பிறந்த பிள்ளைக்கு இருபது டிகிரியே நடுக்கம். உலகத்துக்கே உடை தைக்கிற ஊரில் இருந்துகொண்டு குளிருக்குச் சட்டையில்லை என்று தவிப்பதா? காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் மிச்சத்தில் ஐரோப்பாக்காரனுக்குத் தைத்த கனமான தொப்பிச் சட்டைகள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. அதன் மேல் போட ஒரு ஸ்வெட்டர் வேண்டும். அதை லூதியானாவில் வாங்கிக்கொள்ளட்டும்.

டிக்கெட் விஷயம். முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 120 நாளுக்குப் பதில் 60 நாள் என்று ஆகிவிட்டது. டிசம்பர் 20-க்கு அக்டோபர் 21 காலையில் திறந்தது, தீபாவளிக்கு மறுநாள். மாப்பிள்ளையின் "பார்க்கலாம்" முடியும் வரை காத்திருந்தால் வெயிட்டிங் லிஸ்டுதான் மிஞ்சும். எட்டு மணிக்கு நானே உட்கார்ந்து மூன்று ஸ்லீப்பர் போட்டேன். தலைக்கு ஆயிரம் ரூபாய்க்கு உள்ளேதான். போக வேண்டாம் என்று முடிவானால் முன்கூட்டியே ரத்து செய்தால் பிடித்தம் கொஞ்சம்தான். இதையும் மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டேன், மறைக்கவில்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை.

மற்ற இரண்டு பெண்களின் வீட்டிலும் இதே விசாரணை நடந்திருக்கிறது. ஒரு பெண்ணின் அப்பா உடுமலைப் பக்கம் விவசாயி, என்னிடம் போனில் பேசினார். "நீங்க ரயில்வேல இருந்தவருங்க, நீங்க சொன்னாச் சரிங்க" என்று முடித்துவிட்டார். இன்னொரு வீட்டில் அம்மா சம்மதம், அப்பா இன்னும் இல்லை.

நேற்று என் மகள் போன் செய்தாள். "அப்பா, அந்தப் பக்கம் சத்திரத்துல குளிக்கச் சுடுதண்ணி கிடைக்குமா? இல்லைன்னா சின்ன ஹீட்டர் ஒண்ணு வாங்கிக் குடுத்துடலாமா?" என்றாள். தங்கும் இடத்தில் அந்தக் கம்பி ஹீட்டரைச் சொருக விடமாட்டார்கள், வாளியில் சுடுதண்ணீர் கேட்டால் கொடுப்பார்கள் என்று சொல்லியிருக்கிறேன். ரத்து செய்ய இன்னும் இரண்டு வாரம் அவகாசம் இருக்கிறது.